ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ்; அதில் பேசிக் காட்டும் பகுதிதான் ஸ்பீக்கிங். அந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முன்னால் எக்ஸாமினர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பது எனக்குப் பல வருடப் பழக்கம். முதலில் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். அப்புறம் அவன் நண்பர்கள், அப்புறம் அவர்கள் அனுப்பி வைத்தவர்கள். எல்லாரும் வந்து சொல்வது ஒன்றுதான்: "எனக்கு ஃப்ளூயன்சி வரமாட்டேங்குது."

வண்டி ஓடவில்லை என்று மெக்கானிக்கிடம் சொல்வது மாதிரிதான் இது. பெட்ரோல் தீர்ந்ததா, பிளக்கில் கரி படிந்ததா, இஞ்சினே போய்விட்டதா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் பெரும்பாலோர் பெட்ரோல் இல்லாத வண்டிக்கு இஞ்சினை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடினமான வார்த்தைப் பட்டியலை வாங்கி இரவெல்லாம் உருப்போடுகிறார்கள். அவர்கள் திணறுவது வார்த்தைக்காகவே இருக்காது.

கீழே இருப்பவற்றில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். முதல் வேலையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

## எதற்கும் முன்னால்: ஒரு ரெக்கார்டிங்

நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு கியூ கார்டை, அதாவது பேச வேண்டிய தலைப்பும் சில குறிப்புகளும் அச்சடித்த அட்டையை, எடுங்கள். ஒரு நிமிடம் குறிப்பெழுதி, இரண்டு நிமிடம் ஃபோனில் பேசிப் பதிவு செய்யுங்கள். நன்றாக வரவில்லை என்று திரும்பப் பேசக் கூடாது. சொதப்பிய பதிவுதான் நமக்கு வேண்டும்.

அதை மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால், சொன்னதைக் காது கேட்காது. சொல்ல நினைத்ததைத்தான் கேட்கும். பேசியதை அப்படியே எழுதிக்கொண்டு, பேச்சு நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். வாக்கியம் முடிந்த பிறகா, ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலா, எழுவாயைச் சொன்னவுடனேயா? இரண்டு நிமிடப் பேச்சை எழுத அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். இந்தத் தாளைப் பார்க்காமல் நான் யாருக்கும் மருந்து சொல்வதில்லை.

## அறிகுறி 1: பேச்சு நடுவில் நின்றுவிடுகிறது

### வாக்கியம் முடிந்த பிறகு நின்றால்

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. அடுத்து என்ன சொல்லலாம் என்று தாய்மொழியில் பேசுகிறவரும் ஒரு நொடி நிறுத்துகிறார். விஷயத்தைத் தேடும் நிறுத்தம் வேறு, மொழியைத் தேடும் நிறுத்தம் வேறு. எக்ஸாமினர் கவனிப்பது இரண்டாவதை. அந்த இடைவெளி நாலைந்து வினாடிக்கு நீண்டால் உங்களிடம் விஷயம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அறிகுறி 2-க்குப் போங்கள்.

### ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால்

அந்தப் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். செலவில்லாத வழி, பெயரை விட்டுவிட்டு அந்தப் பொருளைச் சொல்வது. ஸ்க்ரூடிரைவர் என்ற சொல் வரவில்லையா? 'த டூல் யூ யூஸ் டு டைட்டன் எ ஸ்க்ரூ' என்று சொல்லிவிட்டு நகருங்கள். இதற்கு மார்க் குறையாது. தெரியாத சொல்லைச் சுற்றிப்போய்ச் சொல்வதையும் ஒரு திறமையாகவே கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டில் பத்துப் பொருளை எடுத்து, பெயர் சொல்லாமல் விளக்கிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இது போதாவிட்டால்தான் வார்த்தை சேர்ப்பது. அப்போதும் கடைப் பட்டியல் வேண்டாம். உங்கள் வேலை, படிப்பு, வீடு, பொழுதுபோக்கு இவற்றைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல்லுக்குத் தடுமாறினீர்களோ அதைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் உங்களிடம் பெரும்பாலும் கேட்கப்போவது உங்கள் வாழ்க்கையைத்தான்.

### எழுவாய்க்கு அடுத்து நின்றால்

என்னிடம் வரும் தாள்களில் அதிகக் கோடுகள் விழும் இடம் இதுதான். 'மை ஃபாதர்…' நீண்ட மௌனம். 'த பிளேஸ் ஐ…' இன்னொரு மௌனம். பேசுபவர் தனக்கு வொக்காபுலரி இல்லை என்று நினைக்கிறார். அதில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "அப்பா போன வருஷம் ரிட்டயர் ஆனதும் மொட்டை மாடியில் ஒரு தோட்டம் போட்டார்." தமிழில் இந்தப் 'போட்டார்' வரும்வரை நமக்கு அவகாசம் இருக்கிறது. ஆங்கிலமோ 'மை ஃபாதர்' என்று வாயைத் திறந்தவுடனே வினையையும் காலத்தையும் கேட்கிறது. முழு வாக்கியத்தையும் தமிழில் கட்டி, வாலைப் பிடித்து முன்னால் இழுத்து வரும் நேரம்தான் அந்த மௌனம்.

சோதிப்பது சுலபம். நின்ற இடங்களில் முக்கால்வாசிக்கு அடுத்து வந்த சொல் வினைச்சொல்லாக இருந்தால், கோளாறு இதுதான்.

பயிற்சி இப்படி: யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். 'மை ஃபாதர் ஸ்டார்ட்டட் எ கார்டன்.' அங்கே நிறுத்தினாலும் அது ஒரு முழு வாக்கியம். அப்புறம் எங்கே, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் மாட்டுங்கள்: 'ஆன் த டெரஸ்', 'லாஸ்ட் இயர்', 'பிகாஸ் ஹி வாஸ் போர்ட்'. நிறுத்தினாலும் இப்போது துண்டுகளுக்கு இடையில்தான் நிற்பீர்கள், கேட்பவருக்கு அது உறுத்தாது. தினமும் பத்து நிமிடம், கண்ணில் படுகிற ஆட்களை வைத்தே சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் குழந்தைப் பேச்சு மாதிரி இருக்கும். பரவாயில்லை, விடாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் அடுத்த ரெக்கார்டிங் எடுத்தால் கோடுகள் இடம் மாறியிருக்கும்.

### ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்கினால்

'ஐ கோ… ஐ வென்ட்… ஐ ஹேட் கான்…' இது இலக்கண பயம். தாளைப் பாருங்கள்: இரண்டாவதாகச் சொன்னதே சரியாக இருந்து, அதையும் கலைத்திருப்பீர்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தவறை ஒரு முறைதான் திருத்துவது, அதற்குமேல் தொடுவதில்லை.

கதை நடந்து முடிந்ததா, இன்னும் நடப்பதா என்று குறிப்பெழுதும் அந்த ஒரு நிமிடத்திலேயே முடிவு செய்து, தாளின் தலையில் 'பாஸ்ட்' என்று எழுதிவிட்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும். இன்னொன்று 'ஹி', 'ஷி' குழப்பம். தமிழில் அப்பாவும் 'அவர்', டீச்சரம்மாவும் 'அவர்'. அதனால் ஆங்கிலத்தில் நாக்கு தானாக 'ஹி' பக்கம் சாய்கிறது. ஒரு பெண் தன் பாட்டியைப் பற்றிப் பேசிய இரண்டு நிமிடத்தில் பாட்டி நாலு முறை தாத்தாவாகித் திரும்பி வந்தார். குறிப்புத் தாளில் பெரிதாக 'ஷி' என்று எழுதிக்கொள்வதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஆசிரியரிடம் போக வேண்டிய கட்டம்: ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகும் நாலு வகை நிறுத்தமும் சமமாக இருந்தால் அடிப்படை இலக்கணமே ஆட்டம் காண்கிறது. இதைத் தனியாகச் சரிசெய்வது கஷ்டம். உங்கள் பதிவைக் கேட்டு, எங்கே தவறு என்று காட்டுகிற ஆசிரியரைத் தேடுங்கள். முதல் நாளே அச்சடித்த மாதிரிப் பதில்களைக் கையில் கொடுப்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள்.

## அறிகுறி 2: இரண்டு நிமிடப் பேச்சு 40 வினாடியில் தீர்ந்துவிடுகிறது

முதலில் குறிப்புத் தாளைப் பாருங்கள். அதில் முழு வாக்கியங்கள் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடத்தில் மூன்று வாக்கியம் எழுதலாம். அதை வாசித்துவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆறேழு சொற்கள் மட்டும் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அந்தத் தாளுக்கு மார்க் கிடையாது.

குறிப்பு சரியாக இருந்தும் தீர்ந்துவிட்டால், கார்டில் இருக்கும் நாலு குறிப்புகளையும் நாலு கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு வரி பதில் சொல்லியிருப்பீர்கள். யார், எங்கே, எப்போது என்பதை வேகமாகத் தாண்டிவிட்டு, ஒரே ஒரு கணத்தில் தங்குங்கள். 'உங்களுக்கு ஒருவர் செய்த உதவி' என்று கார்டு வந்தால், அந்த உதவி கிடைத்த நிமிடத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது, அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன, மனதுக்குள் என்ன ஓடியது. அந்த ஒரு கணமே ஒரு நிமிடத்தை விழுங்கிவிடும்.

தலைப்பைப் பற்றிச் சொல்ல வாழ்க்கையில் எதுவுமே இல்லை என்பது மூன்றாவது காரணம். நீங்கள் சொன்னது உண்மையா என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. அங்கே சோதிப்பது மொழியைத்தான். ஆனால் முழுப் பொய்யைக் கட்டிக்கொண்டே ஆங்கிலமும் பேசுவது இரட்டைச் சுமை. நடந்த ஒன்றை எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் மாற்றுங்கள். ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு பொருள், ஒரு தவறு, ஒரு முடிவு, கற்றுக்கொண்ட ஒரு விஷயம் என்று ஆறு சொந்தக் கதைகளைத் தயாராக வைத்திருந்தால் வரும் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒன்று பொருந்தும். சம்பவத்தை நினைவில் வையுங்கள். வாக்கியங்களை வேண்டாம், ஏன் என்று அறிகுறி 4-ல் சொல்கிறேன்.

## அறிகுறி 3: எக்ஸாமினர் நடுவில் நிறுத்திவிட்டார், சிரிக்கவே இல்லை

கோளாறு இல்லை. தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம்தான். உங்களைப் பற்றிய எளிய கேள்விகள் வரும் முதல் பகுதிக்கும், பொது விஷயங்களை விவாதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் தலா நாலைந்து நிமிடம், நடுவில் கியூ கார்டை வைத்து உங்கள் பேச்சு. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது அவர் வேலை. சிரிக்காததும், தலையாட்டாததும், கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனதும் எதற்கும் அடையாளம் இல்லை. மூன்றாம் பகுதி எல்லோருக்குமே கடினமாகத்தான் இருக்கும்.

## அறிகுறி 4: ஒப்பிப்பது மாதிரி ஒலிக்கிறது

பதிவில் வேகத்தைக் கவனியுங்கள். முதல் 15 வினாடி ஏற்ற இறக்கம் இல்லாமல் ரயில் மாதிரி ஓடி, அப்புறம் திடீரென்று நடக்க ஆரம்பித்தால் மாட்டிக்கொண்டீர்கள். உங்களுக்கே கேட்கிறது என்றால், நாள் முழுக்க இதையே கேட்கும் எக்ஸாமினருக்குக் கேட்காதா? மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். அந்தப் பகுதியை வைத்து உங்கள் மொழியை மதிப்பிட முடியாது; அடுத்து வரும் சொந்த வாக்கியம் இன்னும் தாழ்ந்து தெரியும்.

'தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்' என்று தொடங்குவதை இன்றோடு விடுங்கள். உங்கள் சொந்த ஊர் எது என்று கேட்டதற்கு ஒருவர் இப்படித் தொடங்கியதை என் காதால் கேட்டிருக்கிறேன். பழமொழி, மரபுத்தொடர் பட்டியலும் அப்படித்தான். மழையைப் பற்றிப் பேச்சே இல்லாத இடத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று பூனையும் நாயும் கொட்டினால் மார்க் ஏறாது.

உடைப்பதற்கு ஒரு வழி: நண்பரை எதிரே உட்கார வைத்து, எப்போது வேண்டுமானாலும் குறுக்கே "ஏன்?", "எப்படி?" என்று கேட்கச் சொல்லுங்கள். மனப்பாடம் இரண்டாவது கேள்வியில் கழன்றுவிடும்.

## அறிகுறி 5: பதில் சின்னதாக, வறட்சியாக வருகிறது

முதல் பகுதியில் என்றால் கவலையே வேண்டாம். பதிலோடு ஒரு காரணமோ ஓர் உதாரணமோ சேர்த்து இரண்டு மூன்று வாக்கியம் சொன்னால் போதும்.

மூன்றாம் பகுதியில் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. அதே கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லுங்கள். 'ஊருக்குள் பூங்காக்கள் ஏன் குறைகின்றன?' தமிழிலும் ஒரே வரியில் தீர்ந்துவிட்டால் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. அந்த மாதிரி விஷயங்களை நீங்கள் யோசித்துப் பழகவில்லை. எந்த மொழியிலாவது தலையங்கம் படித்து, வீட்டில் யாரோடாவது வாதாடுங்கள். பேச்சு அறுந்து போகும்போது பிடித்துக்கொள்ள மூன்று கேள்விகள்: முன்பு எப்படி இருந்தது? இளையவர்கள் ஒரு மாதிரியும் பெரியவர்கள் இன்னொரு மாதிரியும் பார்ப்பார்களா? இதனால் யாருக்கு நஷ்டம்?

தமிழில் பொரிந்து தள்ளி, ஆங்கிலத்தில் மட்டும் வறண்டால் அறிகுறி 1-ன் எழுவாய்ப் பகுதிக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 6: "என்ன சொன்னீர்கள்?" என்று திரும்பக் கேட்கிறார்கள்

தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் மார்க் குறைவதில்லை. வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயல்வது வீண் வேலை, பல சமயம் பேச்சை இன்னும் புரியாததாக்கும். புரிகிறதா என்பதுதான் கேள்வி.

சோதிக்க ஃபோனில் இருக்கும் குரல் தட்டச்சே போதும். மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, சந்தேகமான சொற்களைத் தனித்தனியாக மும்மூன்று முறை சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் அது ஊகித்து ஒப்பேற்றிவிடும். மூன்று முறையும் தவறாக விழும் சொற்கள்தான் உங்கள் பட்டியல். இனி காரணங்கள்.

வேகம் முதலில். ஒரு கியர் குறைத்தாலே பாதிச் சொற்கள் தெளிந்துவிடும்.

அடுத்து சொல்லின் முனை. 'புக்கு', 'பேங்க்கு' என்று நாம் சேர்க்கிற உகரத்தை வெட்ட வேண்டும். இன்னொரு பக்கம், கடைசியில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகளை விழுங்கிவிடுகிறோம். 'வாக்ட்' என்பது 'வாக்' ஆனால் கேட்பவருக்கு அது உச்சரிப்புப் பிழை மட்டுமில்லை, இலக்கணப் பிழையும்தான். இரண்டு இடத்தில் அடி.

அழுத்தம் அடுத்தது. தமிழில் எல்லா அசையும் ஏறக்குறைய ஒரே எடையில் போகும். ஆங்கிலத்தில் ஒன்று மட்டும் தூக்கி நிற்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை, 'ஃபோட்டோகிராஃபி' என்பதில் இரண்டாவது. புதுச் சொல் கற்கும்போது அகராதியில் ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடு போடுங்கள்.

கடைசியாகத் தனி ஒலிகள். விலைக்கும் பரிசுக்கும் தமிழ் எழுத்தில் ஒரே 'ப்ரைஸ்'தான். இதை எழுதும்போதே எனக்கு வித்தியாசம் காட்ட வழியில்லை. பரிசில் வரும் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும். தொண்டையில் விரல் வைத்தால் தெரியும். 'எக்ஸாம்', 'எவ்ரி' போன்றவை 'யெக்ஸாம்', 'யெவ்ரி' ஆகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: திக்குவாய் இருந்தால் பயிற்சி ஆசிரியர் வேண்டாம், பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். தேர்வு மையத்துக்கும் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதற்கென்று தனி ஏற்பாடு உண்டு. அன்றைக்குப் போய் நின்று கேட்டால் கிடைக்காது.

## அறிகுறி 7: கேள்வியே புரியவில்லை

திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மார்க் போகாது. புரியாமலே குத்துமதிப்பாகப் பதில் சொன்னால்தான் போகும். ஒவ்வொரு பயிற்சித் தேர்விலும் நாலைந்து முறை இப்படிக் கேட்க வேண்டியிருந்தால் ஸ்பீக்கிங்கை ஒதுக்கிவிட்டு லிசனிங்கில் உட்காருங்கள். தமிழ் நிகழ்ச்சிக்கே டிவி சத்தத்தைக் கூட்டுகிறவர் என்றால் காது மருத்துவரிடம் போவதுதான் சரி.

## அறிகுறி 8: வீட்டில் நன்றாக வருகிறது, தேர்வில் வரவில்லை

யாரோடு பயிற்சி செய்தீர்கள்? கண்ணாடியோடும் தம்பியோடும் என்றால், முன்பின் தெரியாதவர் முன் நாக்கு ஒட்டிக்கொள்வது இயல்பு. தேர்வுக்கு முன் குறைந்தது நாலைந்து புதிய ஆட்களோடு பேசியிருக்க வேண்டும். நண்பரின் நண்பர், ஃபோனில் என்றாலும் சரி.

இன்னொரு சின்ன விஷயம். காலையிலிருந்து தமிழிலேயே பேசிவிட்டு நேராக அறைக்குள் போனால் முதல் ஐந்து நிமிடம் இஞ்சின் சூடாவதிலேயே போய்விடும். முதல் பகுதியோ அந்த ஐந்து நிமிடம்தான். எழுந்ததிலிருந்து தனக்குத்தானே ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸில் பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கலாம், பார்க்கட்டும்.

தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வேறு இடங்களிலும் இப்படி ஆகிறது என்றால் அது ஆங்கிலப் பிரச்சினை இல்லை. மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

## அறிகுறி 9: மனிதரோடு சரி, மைக்கோடு சரியில்லை

பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வைப் போலக் கம்ப்யூட்டரிடம் பேசும் தேர்வுகளுக்கு இது. அங்கே 3 வினாடி மௌனமாக இருந்தால் மைக் மூடிக்கொள்ளும். எனவே தவறு செய்தாலும் திரும்பிப் பார்க்காமல் மேலே போக வேண்டும். பின்னால் போய்த் திருத்துவதுதான் இங்கே அதிகம் குத்தும். மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக் காற்று மோதும், சற்றுத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் கத்துவார், நீங்களும் கத்தாதீர்கள். பழகுவதற்கு, வீட்டில் டிவி ஓடும்போது ஹெட்செட் மாட்டிப் பேசிப் பாருங்கள்.

## அறிகுறி 10: எத்தனை முறை எழுதினாலும் அதே பேண்ட்

ஸ்பீக்கிங்கில் சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நாலுக்கும் சம எடை. ஆனால் ரிசல்ட்டில் பேண்ட் என்று ஒரே எண்தான் வரும்; எது இழுத்தது என்று தெரியாது. அதனால் முதல் செலவு, இந்த நாலுக்கும் தனித்தனியாக மதிப்பிட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் ஒரு மாதிரித் தேர்வு. சரளத்தில் 7, இலக்கணத்தில் 5 என்று வந்தால் வேலை எங்கே என்று விளங்கிவிடும்.

அந்த மாதிரித் தேர்விலும் மற்ற மூன்று தாள்களிலும் நல்ல பேண்ட் வந்து, ஸ்பீக்கிங் மட்டும் அதலபாதாளத்தில் கிடந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பேச்சின் ஒலிப்பதிவை வேறொருவர் கேட்டு மதிப்பிடுவார். பேண்ட் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெறும் ஆசைக்குக் கட்டினால் அந்தப் பணம் போனதுதான்.

அதற்கு அடுத்த செலவு, ஸ்பீக்கிங்கை மட்டும் திரும்ப எழுதுவது. கம்ப்யூட்டரில் ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்களுக்கு, இந்த வசதி இருக்கும் இடங்களில், முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் இது முடியும். பணம் கட்டும் முன், நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் பல்கலைக்கழகமோ விசா அலுவலகமோ அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. முழுத் தேர்வையும் மறுபடி எழுதுவது கடைசி. அதற்கு நாள் குறிக்கும் முன் புதிதாக ஒரு கியூ கார்டு எடுத்து இரண்டு நிமிடம் பதிவு செய்து, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் அதே இடத்தில் இருந்தால் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.